மூன்று கிளிக்கில் போகிற கறை

பிப்ரவரி 4

அக்கா,

நீ போனை எடுக்க மாட்டாய் என்று தெரிந்தும் போன ஞாயிறு நான்கு முறை அடித்தேன். முகாமுக்குச் சாமான் கொண்டுவரும் லாரியில் தொற்றிக்கொண்டு ஊருக்குள் போயிருந்தேன். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அப்பா இறந்த மூன்றாம் நாள் நான் வந்து வாசலில் நின்றபோது, "இனிமே உன் குரலே எனக்கு வேண்டாம். சொல்றதை எழுது" என்றாய். ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. சரி, எழுதுகிறேன்.

இங்கே எல்லாம் பழையபடிதான். சுரங்கப் பாதையில் ஊறுகிற தண்ணீரை இறைக்கும் பம்புகள் ஆறு, அவற்றைப் பார்த்துக்கொள்ள நான் ஒருவன். தகர அறையில் கிரேன் ஓட்டுகிற அண்ணனோடு ஜாகை. அவருடைய சாக்ஸைப் பற்றி எழுத ஆரம்பித்தால் தாள் போதாது.

நீ அனுப்பிய 'ஈரச் சுவர்' கம்ப்யூட்டர் விளையாட்டை ஆடி முடித்துவிட்டேன். எங்கேதான் தேடிப் பிடிக்கிறாயோ. ஒரே ஒரு சுவர், கையில் ஒரு துணி, பூஞ்சணத்தைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும், கண் எடுத்த இடத்தில் மறுபடி பூக்கிறது. மூன்று மணி நேரம் ஆடிவிட்டு எழுந்துபோய் நிஜமாகவே கை கழுவினேன். கிரேன் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு நம்ம பாத்ரூமைக் கழுவலாமே, புண்ணியமாப் போகும்" என்றார். எனக்குப் பிடித்தது. அந்தப் பூஞ்சணத்தில் பொய் இல்லை.

இதோடு அனுப்பும் மெமரி கார்டில் 'அடுத்தவர் பல்' இருக்கிறது. ஊருக்குள் நெட் சென்டரில் இறக்கினேன். அதை இதுவரை பதினேழு பேர்தான் இறக்கியிருக்கிறார்கள், என்னையும் சேர்த்து. சாப்பிட்டுவிட்டு ஆடாதே.

ஒன்று கேட்க வேண்டும். நான் உனக்கு அனுப்பியவற்றில் நீ பதில் எழுதாதது ஒன்றே ஒன்றுதான்: 'கரப்பான் விடுதி'. உனக்கு அது ரொம்பப் பிடிக்கும் என்று நினைத்துத்தான் அனுப்பினேன். ஆடினாயா, இல்லையா?

தம்பி

பிப்ரவரி 19

தம்பி,

'அடுத்தவர் பல்' ஆடினேன். முதியோர் விடுதியில் பல்செட்டுகள் கலந்துவிட்டன, எது யாருடையது என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றையும் உன் வாயில் போட்டுப் பார்க்க வேண்டும். என்ன பிறவி இதை யோசித்தது. நாலாவது செட்டில் ஒட்டியிருக்கும் எச்சத்தைப் பார்த்து முந்தின நாள் சாப்பாட்டைச் சொல்ல வேண்டிய இடத்தில் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. குமட்டலுக்காக நூற்றுக்கு எண்பது தருகிறேன். மீதி இருபதைக் குறைத்ததற்குக் காரணம், எல்லாப் பல்லும் வெள்ளையாக இருப்பதுதான்.

எனக்குத் தெரியாதா. இந்த மாதம் மட்டும் அழுக்குத் துணியில் இரண்டு பல்செட் கிடைத்தன. ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் பிரிவில் மேற்பார்வையாளர் என்று பெயர்தான் பெரிசு. வார்டிலிருந்து வரும் மூட்டையைக் கையுறை போட்டுப் பிரித்து, இது வெந்நீருக்கு, இது ரத்தக் கறைத் தொட்டிக்கு, இது எரிக்க என்று தள்ளுகிற வேலை. நேற்று ஒரு விரிப்புக்குள் பாதி கடித்த ஆப்பிள் ஒன்று கறுத்துப்போய் இருந்தது. தையல் பிரிவு அம்மா அதைப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்துவிட்டார். நான் சாப்பிட்டேன். அதுதான் எனக்கே அருவருப்பாக இருந்தது.

கரப்பான் விடுதியைப் பற்றிக் கேட்காதே. முடிக்காமல் எழுதக் கூடாது என்பது நம் விதி. நான் முடிக்கவில்லை. அவ்வளவுதான்.

விதியை மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். ஒரே கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு நாம் அடித்துக்கொண்ட காலத்தில் அப்பா சண்டை தீர்க்கப் போட்டுக்கொடுத்தவை. முடித்துவிட்டுத்தான் கருத்துச் சொல்ல வேண்டும். யார் செய்தது என்று பார்க்கக் கூடாது, கேட்கக் கூடாது. ஆடுகிறவர் சொல்லும்போது கொடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது. மூன்றாவதை நீ என்றைக்குமே காப்பாற்றியதில்லை.

அக்கா

மார்ச் 6

அக்கா,

இந்தக் கார்டில் ஒன்றே ஒன்று இருக்கிறது. அதற்குப் பெயர் 'அறை'. சின்னது, இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். இதைப் பற்றி எங்கேயும் ஒரு வரி கிடையாது, தேடாதே.

விதிப்படி நான் வாயைத் திறக்க மாட்டேன். உனக்குத் தோன்றுவதை அப்படியே எழுது. மற்றவற்றை எப்படிக் கிழிப்பாயோ அப்படியே கிழி. தயவுசெய்து முடித்துவிட்டு எழுது.

மூன்றாவது பம்ப் மறுபடி படுத்துவிட்டது. முழங்கால் வரைக்கும் சேற்றில் நின்று எழுதுகிறேன் என்று சொன்னால் நம்புவாயா? பொய். படுக்கையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ஆனால் கால் இன்னும் காயவில்லை.

தம்பி

மார்ச் 20

முடித்துவிட்டேன். கிழி என்றாய். கிழிக்கிறேன்.

ஒரு வீட்டு அறை. கட்டிலில் ஒரு கிழவர். அவருடைய மகன் அவரைக் கவனித்துக்கொள்கிறான், அந்த மகனாக நான் ஆட வேண்டும். விரிப்பு அழுக்கானால் மூன்று கிளிக். உருவு, போடு, தட்டிவிடு. கறை போய்விடுகிறது. கஞ்சி ஊட்டினால் ஒரு சொட்டுக்கூட மோவாயில் வழிவதில்லை. ஒவ்வொரு வேலைக்கும் 'அன்புப் புள்ளி' என்று ஒரு சின்ன இதயம் மேலே மிதந்து போகிறது. அந்த இதயத்தைப் பார்த்ததும் திரையில் காறித் துப்பலாம் என்று இருந்தது. பின்னால் வயலின் வேறு.

கறை என்ன நிறத்தில் இருக்கிறது தெரியுமா? எலுமிச்சை மஞ்சள். குழந்தைகள் படப் புத்தகத்தில் வரைகிற சூரியன் மாதிரி. இதைச் செய்தவன் வாழ்க்கையில் ஒரு விரிப்பை மாற்றியதில்லை. படுத்தபடியே கிடக்கும் மனிதரை ஒரு பக்கம் புரட்டி, பாதி விரிப்பைச் சுருட்டி முதுகுக்கு அடியில் தள்ளி, மறுபக்கம் புரட்டி உருவ வேண்டும். புரட்டும்போது அவர் வலியில் உன் கையைக் கடிப்பார். புது விரிப்பைப் போட்டு நிமிர்ந்தால் அதுவும் நனைந்திருக்கும். அப்போது உனக்கு வரும் கோபத்தை அவர் பார்ப்பார். பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். அதற்கு எத்தனை இதயம்?

இவ்வளவையும் நான் 'யாரோ ஒரு முட்டாள் செய்தது' என்றுதான் எழுத உட்கார்ந்தேன். கட்டிலின் இடது சக்கரம் கிறீச்சிட்டபோது எல்லாக் கட்டிலும் அப்படித்தான் என்று நினைத்தேன். கிழவர் டம்ளரால் கட்டில் கம்பியில் தட்டிக் கூப்பிட்டபோது, தட்டுகிற கிழவர்கள் உலகத்தில் நிறைய என்று நினைத்தேன். கடைசிக் காட்சி வந்தது. மதியம். மகன் ஜன்னலைத் திறக்கிறான். கிழவர் வெளியே பார்த்து, "அந்தப் பக்கம் மழையா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தபடி கண்ணை மூடுகிறார்.

அந்த வரியை நான் உலகத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் எழுதினேன். அப்பா இறந்த மாதம், உனக்கு. 'தம்பி இருக்கிற பக்கம் மழையா என்று கேட்டார், அப்புறம் தூங்கிப்போனார்' என்று.

அப்படியானால் இது உன் கைவேலை. அப்பா படுக்கையில் கிடந்த பதினோரு மாதமும் நான் உனக்கு எழுதிய கடிதங்களைப் பிரித்து வைத்துக்கொண்டு செய்திருக்கிறாய். சக்கரம், டம்ளர், முதுகில் புண் வந்த தேதிகூட. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, என்னை மட்டும் வெளியே தூக்கிப் போட்டுவிட்டாய். அங்கே மகன் இருக்கிறான். மகள் என்று ஒருத்தியே இல்லை. உனக்கு எப்படிடா மனசு வந்தது?

விதியைக் காட்டி என் வாயை அடைத்து, யார் செய்தது என்று கேட்க முடியாதபடி அனுப்பினாயே, அதுதான் இதில் மிகவும் நாறுகிறது. நான் தினமும் அள்ளும் மூட்டைகள் எவ்வளவோ மேல்.

ஏப்ரல் 5

அக்கா,

நான்தான் செய்தேன். இரண்டு வருஷமாக இலவச மென்பொருள் ஒன்றை வைத்துக்கொண்டு தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டேன். உனக்குத் தெரியாமல் அனுப்பியது தப்பு. என் பெயரைச் சொல்லி அனுப்பினால் நீ கார்டை உடைத்துக் குப்பையில் போட்டிருப்பாய். அதனால் அப்படிச் செய்தேன்.

மகனை ஏன் வைத்தேன் என்று கேட்கிறாய். கேவலமான காரணம்தான், சொல்கிறேன்.

அப்பா படுத்த இரண்டாவது மாதம் இரண்டு நாள் விடுப்பில் வந்தேன், ஞாபகம் இருக்கிறதா. அப்பாவின் அறைக் கதவைத் திறந்தேன். அந்த வாடை முகத்தில் அடித்தது. நடைக் கூடத்திலேயே வாந்தி எடுத்தேன். கதவு திறந்தே இருந்தது, அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். நீ வந்து தரையைத் துடைத்தாய். அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று ஒரே நாளில் இரண்டு பேருடையதைத் துடைத்தாய். அந்த இரண்டு நாளும் நான் அந்த அறைக்குள் போகவே இல்லை. பிறகு விடுப்புக் கிடைக்கவில்லை என்று உனக்கு எழுதினேனே, நான் கேட்கவே இல்லை அக்கா. பெற்ற அப்பாவைப் பார்த்து அருவருத்தவன் நான். என்னைப் பார்த்தால் எனக்கே அப்படித்தான் இருக்கிறது.

விளையாட்டில் வாடை கிடையாது. அதனால்தான் என்னால் உள்ளே போக முடிந்தது. நூறு தடவையாவது போயிருப்பேன், அந்த விரிப்பை மாற்றியிருப்பேன். அந்த மகன் நீ செய்ததைத் திருட வந்தவன் இல்லை. நான் செய்யாததைச் செய்து பார்க்க வந்தவன். ஆனால் திருட்டு மாதிரித்தான் இருக்கிறது, இப்போது தெரிகிறது.

இதையும் சொல்லிவிடுகிறேன். சின்ன விளையாட்டுகளுக்கென்றே நடக்கும் ஒரு கண்காட்சிக்கு 'அறை'யை அனுப்பியிருந்தேன். எடுத்துக்கொண்டார்கள். மே பத்துக்குள் நான் சம்மதம் எழுத வேண்டும். ஆயிரக்கணக்கானவர்கள் வந்து ஆடிப் பார்க்கும் இடம். என் வாழ்நாளில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் இது. முக்கியமாக அந்தக் கடைசிக் காட்சி. அதைப் பார்த்துத் தேர்வுக் குழுவில் ஒருவர் அழுதாராம்.

நீ வேண்டாம் என்று சொன்னால் அனுப்ப மாட்டேன். கோபத்தில் ஒரு பதில் எழுதுவாய், அதை எடுத்துக்கொள்ள மாட்டேன். இரண்டு நாள் கழித்து ஒன்று எழுது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த மழை வரியை வைத்துக்கொள்ள விடு. அப்பா கடைசியில் என்னை நினைத்தார் என்பதற்கு என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.

தம்பி

ஏப்ரல் 18

தம்பி,

இரண்டு நாள் அல்ல, ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன். ஐந்து தாளைக் கிழித்தாயிற்று.

மழை வரி பொய். அப்பா அப்படிக் கேட்கவில்லை. வேலை இடத்தில் வெளுக்காத மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்து, அந்தக் கடிதத்தை மூன்றாவது முறை எழுதியபோது நான் இட்டுக்கட்டியது. நீ வாந்தி எடுத்துவிட்டுப் போனவன், அதோடு உன்னை விட்டுவிட மனசு வரவில்லை. கோபம் இருந்தது, ஆனாலும் வரவில்லை. ஒரு வரிதானே, எழுதிப் போட்டேன். அதை நீ கொண்டுபோய் கண்காட்சியில் வைத்து யாரோ அழுவார் என்று யார் கண்டது.

நிஜத்தில் நடந்ததைக் கேள். இதுவரை டாக்டரிடம்கூடச் சொல்லவில்லை.

அன்றைக்குக் காலையிலிருந்து பதினொரு முறை விரிப்பு மாற்றினேன். வீட்டில் காய்ந்த துணி தீர்ந்துபோய் மேஜை விரிப்பைப் போட்டேன். என் தலைமுடிக்குள் அந்த வாடை. சாப்பிட உட்கார்ந்து தட்டைத் தள்ளி வைத்தேன். மதியம் இரண்டு மணிக்கு அவர் கண்ணயர்ந்தார். நான் பக்கத்து அறைக்குப் போய் கம்ப்யூட்டரைப் போட்டேன். உன் கார்டு அன்றுதான் வந்திருந்தது. கரப்பான் விடுதி. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன்.

நல்லாத்தான் இருந்தது. கரப்பான்களுக்கு விடுதி நடத்த வேண்டும். ஒவ்வொன்றும் வரவேற்பறைக்கு வந்து, படுக்கை ரொம்பச் சுத்தமாக இருக்கிறது, அழுக்கு போதவில்லை என்று புகார் கொடுக்கிறது. பதினோரு மாதத்துக்கு அப்புறம் நான் சிரித்தேன். சத்தமாகச் சிரித்தேன். முக்கால் மணி நேரம்.

ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுப் போனபோது டம்ளர் தரையில் கிடந்தது. கட்டில் கம்பியில் புதுசாக நாலைந்து கீறல். அவர் தட்டியிருக்கிறார். எத்தனை நேரம் தட்டினார் என்று தெரியாது. விரிப்பு நனைந்திருந்தது. நான் அவரைப் பார்க்கும் முன்னால் விரிப்பைத்தான் பார்த்தேன். 'ஐயோ, மறுபடியுமா' என்று முதலில் மனசுக்குள் எரிச்சல்தான் வந்தது. அதற்கு அப்புறம்தான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

இப்போது தெரிகிறதா, ஏன் அதைப் பற்றி எழுதவில்லை என்று. உன் குரலை ஏன் கேட்க முடியவில்லை என்று. உன்மேல் கோபம் என்று எல்லாரும் நினைத்தார்கள், நீயும் நினைத்தாய். எனக்கும் அது வசதியாக இருந்தது. நீ அனுப்பிய கார்டு, நீதான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன். தினமும் ஊர் அழுக்கையெல்லாம் வெந்நீரில் போட்டு வெளுக்கிறேன், இதை எந்தத் தொட்டியில் போடுவது என்று தெரியவில்லை.

உன் விளையாட்டை என்ன வேண்டுமானாலும் செய். ஆனால் அந்த மழையை எடுத்துவிடு. அது நான் உனக்குக் கொடுத்தது, ஊருக்கு இல்லை.

அக்கா

ஜூன் 2

அக்கா,

ஆறு வாரம் எழுதவில்லை.

உன் கடிதம் வந்த அன்று பம்ப் வீட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். மழை பொய் என்பது தாங்கவில்லை. சாயங்காலம் வரைக்கும் அதை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், பார், என் புத்தியை. அப்புறம்தான் நீ அந்த டம்ளரைக் குனிந்து எடுத்திருப்பாய் என்று தோன்றியது.

கண்காட்சிக்காரர்களுக்கு எழுதி, கதையில் தப்பு இருக்கிறது, திருத்த வேண்டும் என்றேன். ஜூன் கடைசிவரை நேரம் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் பிரித்துவிட்டு மறுபடி செய்தேன். மகனை எடுத்துவிட்டேன், மகள்தான் இருக்கிறாள். மகன் ஒரே ஒரு முறை வருகிறான். வாசலில் நின்று வாந்தி எடுக்கிறான், அவள் துடைக்கிறாள், அவன் போய்விடுகிறான். இதயங்களை எடுத்துவிட்டேன், வயலினையும். விரிப்பு மாற்ற நீ எழுதிய மாதிரியே ஒரு பக்கம், மறுபக்கம் என்று நாற்பது அசைவு. மாற்றி முடித்தால் பாதி நேரம் மறுபடி நனைகிறது. அன்றைய கணக்கு பதினொன்று. அதற்கு அப்புறம் அப்பா கண்ணயர்கிறார். பக்கத்து அறை திறந்திருக்கிறது. உள்ளே கம்ப்யூட்டர், மேஜையில் ஒரு ஹெட்ஃபோன். மாட்டு என்று எங்கேயும் எழுதவில்லை. மாட்டாதே என்றும் எழுதவில்லை. மாட்டிக்கொண்டால் வெளியே எதுவும் கேட்காது.

உன்னிடம் கேட்காமல் இதை வைத்தது தப்பு என்று எனக்குத் தெரியும். முதலில் உன் கண்ணில் பட வேண்டும் என்றுதான் இந்தக் கார்டு. ஆனால் அனுப்பும் முன்னால் இங்கே ஆறு பேரை ஆட வைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில், ஒவ்வொருவராக, மற்றவர் பார்க்காமல். கிரேன் அண்ணன், சமையல்காரர், வெல்டர்கள் இரண்டு பேர், கணக்கர், லாரிக்காரர். யார் கதை என்று சொல்லவில்லை.

ஆறு பேரும் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார்கள், அக்கா.

லாரிக்காரர் எட்டாவது விரிப்பிலேயே கெட்ட வார்த்தை சொல்ல ஆரம்பித்துவிட்டார். கணக்கர், ரொம்பப் பக்திமான், பக்கத்து அறையைப் பார்த்ததும் ஓட்டமாகப் போனார். கிரேன் அண்ணன் மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் சிரித்தார், அந்த அறையின் கம்ப்யூட்டரில் கரப்பான்கள் ஓடுகிற மாதிரி சின்னதாக ஒன்று வைத்திருக்கிறேன். திரும்பி வந்து தரையில் டம்ளரைப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "அந்தப் பொண்ணு மேல கோவப்படலாம்னு பாக்குறேன், முடியல தம்பி. நானேதானே மாட்டிக்கிட்டேன். கை தானாப் போச்சு."

சமையல்காரர் மறுநாள் வந்து இன்னொரு தரம் ஆடுகிறேன் என்று கேட்டார். இந்த முறை மாட்டவில்லை, கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அப்போதும் கிழவர் போய்விட்டார். "உக்காந்திருந்தாலும் போறாரே" என்றார். இனி இத்தனை நாள்தான் தாங்குவார் என்று கடைசி வாரத்தில் டாக்டர் உன்னிடம் சொன்னதாக நீ எழுதிய கணக்கைத்தான் நான் உள்ளே போட்டிருந்தேன். அதை மாற்ற எனக்கு என்ன உரிமை.

மழையை எடுத்துவிட்டேன். நீ வேண்டாம் என்றால் மொத்தத்தையும் அழித்துவிடுகிறேன். பேச்சுக்குச் சொல்லவில்லை.

தம்பி

ஜூன் 15

தம்பி,

ஆடினேன். வேலையிலிருந்து லீவு போட்டுவிட்டு ஆடினேன்.

முதலில் குறைகளைச் சொல்கிறேன், வாயைத் திறக்காதே. கறை இப்போதும் தப்பு. எலுமிச்சை போய் இப்போது ஆரஞ்சுக்கு வந்திருக்கிறாய். ஓரத்தில் பழுப்பாகவும் நடுவில் வெளிறியும் இருக்கும், காயக் காய ஓரம் கறுக்கும். நீ அனுப்பிய கறையைப் பார்த்தால் யாரோ பழச்சாறு கொட்டிவிட்டார்கள் என்று நினைப்பார்கள். வாந்தி மட்டும் சரியாக இருக்கிறது. அதை நீ கிட்டத்தில் பார்த்திருக்கிறாய்.

டம்ளர் சத்தம் ரொம்ப அழகாக இருக்கிறது, மணி அடிக்கிற மாதிரி. அப்படி இருக்காது. அது காதுக்குள் ஊசி குத்துகிற சத்தம். பதினோரு மாதம் அதைக் கேட்டவளுக்கு ஒரு நாளாவது அது கேட்காமல் இருக்க வேண்டும் என்று தோன்றியிருக்கும். தோன்றியது. இதை எழுதிவிட்டுப் பார்க்கிறேன், வீடு இடிந்து விழவில்லை.

நானும் மாட்டிக்கொண்டேன். என்ன நடக்கும் என்று தெரிந்தும், நேரில் பார்த்தவள் உலகத்தில் நான் ஒருத்திதான், பதினோராவது விரிப்புக்கு அப்புறம் என் கையும் தானாகத்தான் போயிற்று. உன் கணக்கில் என்னையும் சேர்த்துக்கொள். ஏழு பேர்.

கண்காட்சிக்கு அனுப்பு. கறையை மாற்றிவிட்டு அனுப்பு. தாளில் எழுதி நிறம் புரியாது. அடுத்த லாரியில் ஏறி வா, எங்கள் பிரிவில் ஒரு மூட்டை பிரித்துக் காட்டுகிறேன். வாந்தி வந்தால் வாளி இருக்கிறது. இந்த முறை நீயே கழுவ வேண்டும்.

இனி உனக்கு நான் தர வேண்டிய ஒன்று பாக்கி. முடிக்காமல் எழுதக் கூடாது என்பதால் நேற்று அதை எடுத்து, முதலிலிருந்து ஆடி முடித்தேன். ஸ்பீக்கரில் போட்டு, அப்பா அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு.

கரப்பான் விடுதி. அருவருப்பில் முழு மார்க். பன்னிரண்டாம் அறையில் இருக்கும் கிழட்டுக் கரப்பான், தன் படுக்கை விரிப்பை யாரும் மாற்றக் கூடாது என்று புகார் கொடுக்கிற இடம்தான் இருப்பதிலேயே நல்ல இடம். அன்றைக்கும் அங்கேதான் சிரித்தேன். நேற்றும் சிரித்தேன்.

அக்கா